போணியாகாத காலை

அந்தக் கடைவீதியில் காலைப்பொழுது முதன்முதலாக நின்றுபோனது அருணாசலத்தின் குடைக்கடையில்தான். தேர்முட்டியில் தொடங்கி மணிக்கூண்டில் முடிகிற வீதி அது. குடை, கண்ணாடி, கயிறு, பூட்டு, பித்தளை, நாட்டு மருந்து, பாய் என்று ஒவ்வொரு கடையும் ஒவ்வொரு சாமானை மட்டும் வைத்துக்கொண்டு, பக்கத்துக் கடைச் சாமானைத் தொடாமல் மூன்று தலைமுறையாகப் பிழைத்து வந்தது. புறவழிச்சாலையில் குளிர்காற்று வீசும் ஆறுமாடிக் கடையைத் திறந்து எல்லாச் சாமானையும் ஒரே கூரைக்குக் கீழே அடுக்கிவைத்த வருஷம், ஜனங்கள் அந்தப் பக்கம் போனவர்கள் போனவர்கள்தான். குடைக்கடையில் ஒருநாள் முழுக்கப் போணியாகவில்லை. போணி என்றால் அன்றைய முதல் விற்பனை. அது ஆகிறவரைக்கும் கடைக்கு அன்றைய நாள் பிறக்கவே இல்லை என்று வியாபாரிகள் அதுநாள்வரை ஒரு பேச்சுக்குச் சொல்லிவந்தார்கள். வீதி அதைப் பேச்சாக விட்டுவிடவில்லை. வெளியே உச்சிவெயில் ஏறி, சாயங்காலமாகி, தெருவிளக்கு எரிந்தபோதும் குடைக்கடைக்குள் மட்டும் காலை ஒன்பது பத்து இருந்தது, கிழக்கு வெயில் கல்லாப்பெட்டியின் பாதி வரைக்கும் வந்து அங்கேயே உட்கார்ந்திருந்தது, ஊதுபத்தி எரிந்தது, ஆனால் குறையவில்லை.

அருணாசலம் கதவைச் சாத்திவிட்டு இருட்டில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கி மறுநாள் வந்து திறந்தால், உள்ளே நேற்றைய ஒன்பது பத்தே காத்திருந்தது. நாள்காட்டித் தாளைக் கிழிக்கப் பார்த்தார். கிழிபட மறுத்தது. இதை அவர் பக்கத்துக் கடைக்காரரிடம் சொன்னபோது அவர், எனக்கும் இன்றைக்கு அப்படித்தான், காபி ஆறவே மாட்டேன் என்கிறது என்றார். அவ்வளவுதான் பேச்சு. பத்து நாளில் கடைவீதியில் பாதிக் கடைகளில் காலை நின்றிருந்தது, ஊரும் அதற்குப் பழகிவிட்டது. பூக்காரிகள் விற்காத மல்லிகையைப் போணியாகாத கடைகளின் ஆணிகளில் மாட்டிவிட்டுப் போய் மறுநாள் அதே மொட்டாக எடுத்தார்கள். அரைத்த மாவைப் புளிக்காமல் வைக்கக் கயிற்றுக்கடையில் இடம்பிடிக்க ஆரம்பித்தார்கள் பெண்கள். முகூர்த்தம் தவறிப்போன ஒரு கல்யாணக் கூட்டம் மத்தியானம் மாலையும் கழுத்துமாக ஓடிவந்து, கண்ணாடிக்கடைக்குள் நின்றிருந்த நல்ல நேரத்தில் தாலி கட்டிவிட்டுப் போனது. இத்தனை பேர் வந்தார்களே, ஒருத்தராவது ஒரு முகம் பார்க்கிற கண்ணாடி வாங்கினார்களா என்று கேட்டால், இல்லை. வாங்கினால் நேரம் ஓடிவிடுமே.

இந்த வீதிக்குப் பல வருஷமாகத் தினமும் வந்துகொண்டிருந்தவள் மருதாயி. சந்தைக்குச் சந்தை போய் விற்கிற வியாபாரி. திங்கள் ஒரு ஊர், செவ்வாய் ஒரு ஊர். பாய், கயிறு, சீப்பு, அரிவாள்மனை, எதில் நாலு காசு நிற்குமோ அதைக் கொண்டுபோவாள். பத்து வயதில் அப்பன் செத்த மறுவாரம் தலையில் வெங்காயக் கூடையோடு தெருவில் இறங்கியவள். அடிபட்டுக் கற்றதைத் தவிர வேறு படிப்பு கிடையாது, கோபம் மூக்குக்கு மேலேயே இருக்கும். கடை திறக்கிற நேரம் பார்த்து வந்து நிற்பாள். போணிக்கு வந்த முதல் ஆளை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது, அனுப்பினால் அன்றைய நாளே பாழ் என்று கடைக்காரர்கள் நடுங்குவது அவளுக்குத் தெரியும், அந்த நடுக்கத்தைப் பிடித்து முறுக்கித்தான் விலையை இறக்குவாள். முன்னூறு சொன்னால் நூற்றிருபது கேட்பாள், கேட்டுவிட்டுப் படியிறங்குவாள், இறங்கின கால் அடுத்த படியில் படுவதற்குள் கடைக்காரர் கூப்பிட்டுவிடுவார். அவள் புருஷன் வையாபுரி கடைக்குள் வரமாட்டான். தோளில் காலிச் சாக்கோடு தெருவிலேயே நின்று எதிர்வாடைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

அந்த வையாபுரிக்கு ஈரலில் கட்டி வந்தது. பெரியாஸ்பத்திரியில் இருபது நாள் வைத்திருந்து, ஆனி மாதத்தில் ஒருநாள், இனி இங்கே வைத்து ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், நாளை விடிவது சந்தேகம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மருதாயி அந்த டாக்டரிடமும் பேரம் பேசிப் பார்த்தாள். ஒரு மாசம் கொடுங்க, சரி பத்து நாள், ஆடி பிறக்கிற வரைக்குமாவது என்று கேட்டாள். அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். கேட்டது கிடைக்காமல் ஒரு இடத்தைவிட்டு அவள் திரும்பியது அன்றுதான்.

ஆட்டோ கடைவீதி வழியாக வந்தது. அவள் மடியில் தலை வைத்துக் கிடந்தவன், "தண்ணி" என்றான். தண்ணீர் பாட்டில் அவள் காலடியில்தான் இருந்தது. குனிந்து எடுக்கப் போனவளின் கண்ணில் மீரான் ராவுத்தரின் பாய்க்கடை பட்டது. பதினெட்டு நாளாகப் போணியாகாத கடை. அந்தி சாயும் அந்த வேளையிலும் உள்ளே காலை வெயில் கோரைப்பாய்ச் சுருள்களின் மேல் இளசாக விழுந்திருந்தது, சாம்பிராணிப் புகை பாதிச் சுருளோடு அந்தரத்தில் நின்றது, ஆணியில் யாரோ மாட்டிய மல்லிகை பறித்த மாதிரியே இருந்தது. மருதாயி பாட்டிலை விட்டுவிட்டு ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள். வையாபுரி மறுபடியும் தண்ணி என்றான். "இருங்க, முதல்ல உள்ள போயிருவோம், அப்புறம் வயிறு முட்டக் குடிங்க" என்றாள். ஒரு நிமிஷம் தாமதித்தால் அந்தக் காலையை வேறு யாராவது ஒரு பாய் வாங்கி உடைத்துவிடுவார்கள் என்று அவளுக்குப் பதற்றம். சரக்கு கண்ணில் பட்டால் முதலில் கையை வைத்துவிட வேண்டும், மற்றதெல்லாம் பிறகு. இத்தனை வருஷம் அவளுக்குச் சோறு போட்ட புத்தி அதுதான்.

ராவுத்தரிடம் நாலு நாள் என்றாள். அவர் வாசலில் கிடந்தவனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், இத்தனை வருஷத்தில் அவளிடம் தோற்ற விலைகளெல்லாம் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஆனாலும் அவர் சொன்னது, பாய்க்கடையில் படுக்கவா இடமில்லை என்பதுதான். இருந்ததில் நல்ல பாயாக ஒன்றை உருவி, அகலமான கல்யாணப் பாய், சிவப்புக் கரை போட்டது, அதைச் சுவரோரம் விரித்தார். இரண்டு பேரும் தூக்கிப் படியேற்றி அதில் கிடத்தினார்கள். வாசற்படியைத் தாண்டிய அந்த நொடியில் வையாபுரியின் மூச்சு இழுப்பு நின்று சீரானது, முகத்தில் ஒன்பது பத்து வெயில் விழுந்தது. மருதாயி தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள், ஜெயித்த அழுகை.

பிறகு தண்ணீர் கொடுத்தாள். அவன் குடித்தான். டம்ளரைக் கீழே வைத்தபோது அது நிறைந்திருந்தது. மறுபடி கொடுத்தாள், அவன் தொண்டை ஏறி இறங்கியது, டம்ளர் மறுபடி நிறைந்திருந்தது. உள்ளே போன தண்ணீர் தொண்டையைக் கடந்ததும் குடிக்காத தண்ணீராகிவிட்டது. எந்த நொடியில் ஒருவர் அந்தக் காலைக்குள் வருகிறாரோ அந்த நொடியில்தான் இருப்பார். பசியாக வந்தவர் பசியாக, சிரித்துக்கொண்டு வந்தவர் சிரிப்பாக. வையாபுரி தாகமாக வந்தான்.

நாலு நாள் எட்டு நாளாகி, ஆனி போய் ஆடி வந்து, தீபாவளி போய்ப் பொங்கலும் போனது. உள்ளே அவன் மீசையில் ஒரு மயிர்கூட நரைக்கவில்லை. மருதாயி சந்தைக்குப் போவதை நிறுத்திவிட்டு, பாய்க்கடை வாசலில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். ராவுத்தரால் வருகிறவரை வேண்டாம் என்று அனுப்ப முடியாது, போணிக்கு வந்த ஆளை அனுப்புவது அவருடைய வாப்பா காலத்திலிருந்து அந்தக் கடையில் கிடையாது. அதனால் யாரும் படியில் கால்வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டியது அவள் வேலையாயிற்று. பாய் வாங்க வந்தவர்களிடம், இங்கே எல்லாம் ஈரம்பட்ட சரக்கு, கரையான் அரித்த கோரை என்றாள். நகராதவர்களை வாயால் ஓட்டினாள். அவள் வாய் திறந்தால் எவரும் இரண்டாம் வார்த்தைக்கு நிற்க மாட்டார்கள். ராவுத்தர் உள்ளே தன் சரக்கை அவள் பழிப்பதைக் கேட்டுக்கொண்டு, நுனிவிரலால் ஒரு பாயின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருப்பார்.

ஒருத்தி செய்ததை ஊர் பார்த்தது. ஆவணியில் கயிற்றுக்கடைக்குள் ஒரு கிழவரைக் கட்டிலோடு கொண்டுவந்து வைத்தார்கள். பூட்டுக்கடையில் பிரசவத்தில் சிக்கிய ஒரு பெண், பித்தளைக்கடையில் பாம்பு கடித்த ஒரு தறிக்காரர். கண்ணாடிக்கடையில் ஒரு தாயை வைத்தபோது அத்தனை கண்ணாடியிலும் அவள் மூச்சுவாங்குவது தெரிந்தது என்று, துணிபோட்டு மூடினார்கள். மார்கழிக்குள் கடைவீதியில் ஆள் படுக்காத கடை நாலைந்துதான் பாக்கி. ஊரில் ஒரு மரியாதை உண்டாயிற்று. கடைவீதியில் நடக்கிறவர்கள் நடுத்தெருவிலேயே, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார்கள். எந்தச் சாமானையும் தொட்டுப் பார்ப்பதில்லை, விலை கேட்பதில்லை, ஒரு ஊக்கு வாங்கினாலும் யாரையாவது கொன்றதாகிவிடும் என்று குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். வாங்க வேண்டியதையெல்லாம் புறவழிச்சாலையில் வாங்கினார்கள். இவ்வளவு நல்லவர்களாக அந்த ஊர் ஜனங்கள் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அந்த நல்லதனத்தில் வீதி செத்தது. ஆறுமாடிக் கடையால் முடியாததை இரக்கம் முடித்துவைத்தது. கடைக்காரர்கள் காலையில் வந்து, சாகாதவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இருட்டியதும் வெறுங்கையை வீசிக்கொண்டு போனார்கள்.

மாசி மாதம் ராவுத்தரின் மனைவி மைமூன் வந்தாள். சண்டைக்கு வருகிறாள் என்று மருதாயி இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்தாள். மைமூன் சண்டை போடவில்லை. முக்காலியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, வீட்டில் உலை வைத்து இரண்டு வேளையாகிறது என்பதைச் சொன்னாள், மகள் பேறுகாலத்துக்கு வந்திருக்கிறாள் என்பதைச் சொன்னாள், பேத்தி பிறந்ததை இவரிடம் வந்து சொன்னால் இவருக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை என்பதைச் சொன்னாள்.

"ஒன்பது பத்துக்கு என்ன முகத்தோட உட்கார்ந்தாரோ அதே முகம், அக்கா. உங்க வீட்டுக்காரர் மட்டுமில்ல, எங்க வீட்டுக்காரரும் உள்ளதான் இருக்கார்."

அவ்வளவு சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். ஏசியிருந்தால் மருதாயி ஜெயித்திருப்பாள். ஏசாதவளிடம் என்ன செய்வது என்று அவளுக்கு யாரும் கற்றுக்கொடுத்ததில்லை.

அன்று அவள் உள்ளே போய் வையாபுரியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் தலை பாதி நரைத்திருந்தது, அவன் ஆனி மாதத்து ஆளாகவே கிடந்தான். வழக்கம்போல டம்ளரை வாயில் வைத்தாள், அவன் வழக்கம்போலக் குடித்தான், டம்ளர் வழக்கம்போல நிறைந்திருந்தது. அவன் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"எட்டு மாசமா நான் ஒரே ஒரு நிமிஷம் தாகமா இருக்கேன் மருதாயி. அந்த ஒரு நிமிஷத்தைக் கடக்கவிடு."

"கடந்தா அடுத்த நிமிஷம் என்ன இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். அதுல தண்ணி இருக்கு."

அவள் அவனைத் திட்டினாள். நன்றி கெட்டவனே என்றாள், உனக்காக நான் வாசலில் நாயாகக் குரைத்தேனே என்றாள், வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னாள். கடைவீதி முழுக்கக் கேட்டது, சாகாதவர்கள் எல்லாரும் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தார்கள். திட்டித் தீர்ந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து வெளியே போனாள். முக்காலியைத் தூக்கிச் சாக்கடையில் எறிந்தாள். தெருவின் நடுவரைக்கும் போய் நின்று, கொண்டையை முடிந்து, சுருக்குப்பையை இடுப்பில் சரிபார்த்து, வாங்க வருகிறவளாகத் திரும்பி நடந்துவந்து பாய்க்கடைப் படியேறினாள்.

"ராவுத்தரே, அந்தப் பாய் என்ன விலை?"

ராவுத்தர் அவள் கை காட்டிய பாயைப் பார்த்தார். வையாபுரி படுத்திருந்த பாய். அது விலைக்கு இல்லை என்றார். போணிக்கு வந்தவளை வெறுங்கையாக அனுப்புவீர்களா என்று அவள் கேட்டாள். அப்படியானால் சும்மா எடுத்துக்கொள்ளம்மா என்றார். சும்மா கொடுத்தால் விற்பனையாகாது, போணியும் ஆகாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

"விலையைச் சொல்லுங்க."

"ஒரு ரூபா கொடு தங்கச்சி."

மருதாயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என் புருஷன் படுத்த பாய் உங்களுக்கு ஒரு ரூபாயாப் போச்சா? கரையைப் பாருங்க, நெசவைப் பாருங்க, எட்டு மாசம் ஒருத்தர் படுத்தும் ஒரு கோரை பிரியல. முன்னூத்தம்பதுக்குக் குறைஞ்சு எவன் கொடுப்பான்?"

கரை சாயம் மங்கல் என்றார் ராவுத்தர். கோரை இந்த வருஷத்துக் கோரை இல்லை, ஓரம் கோணல், தறிக்காரன் கை சுத்தமில்லாதவன், எட்டணா போதும். அவள் பாயின் ஓரத்தைப் பிடித்துத் தடவி, இவ்வளவு வழவழப்பு ராஜாவீட்டிலும் கிடையாது, நானூறு என்றாள். அவர் நாலணா என்றார். உலகத்தில் எந்த இரண்டு பேர் பேரம் பேசினாலும் பேசப் பேச நெருங்கி வந்து நடுவில் எங்கேயாவது கைகோப்பார்கள். இவர்கள் பேசப் பேச விலகிப் போனார்கள். விற்கிறவர் தன் சரக்கைப் பழித்துக் கீழே கீழே இறங்கினார், வாங்குகிறவள் அதைப் புகழ்ந்து மேலே மேலே ஏறினாள், நடுவில் விரிந்துகொண்டே போன அந்த இடைவெளியில் வையாபுரி படுத்து இரண்டு பேர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தான். வெளியே பொழுது சாய்ந்தது, மறுநாள் விடிந்தது, மசூதியில் பாங்கு சொல்லி ஓய்ந்தது, பெருமாள் கோயிலில் மணியடித்து ஓய்ந்தது. எதிர்க்கடைக்காரர்கள் வந்து எட்டிப்பார்த்துவிட்டு, பேரம் இன்னும் முடியவில்லை என்று ஒருவருக்கொருவர் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டு போனார்கள். முடியாமலே போகட்டும் என்று இரண்டு பேரும் நினைத்தார்கள். ஒருவர் நினைப்பது அடுத்தவருக்குத் தெரிந்தும் இருந்தது.

கடைசியில் வையாபுரி அவள் புடவை ஓரத்தைப் பிடித்து இழுத்தான். "வாங்கிரு, தாயி" என்றான். அவளை அவன் அப்படிக் கூப்பிட்டதே கிடையாது.

மருதாயி சுருக்குப்பையைத் திறந்து ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்து ராவுத்தரின் கையில் வைத்து, அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள். ராவுத்தர் பிஸ்மில்லா சொல்லிப் பணத்தைக் கண்ணில் ஒற்றினார், ஒற்றிய கையைக் கீழே இறக்கவில்லை.

அந்தரத்தில் நின்ற புகை அசைந்து கலைந்தது. வெயில் பாய்ச் சுருளை விட்டு இறங்கித் தரையில் நகர ஆரம்பித்தது, மல்லிகை ஆணியில் ஒரேயடியாகக் கறுத்துத் தொங்கியது. மருதாயி டம்ளரை எடுத்து வையாபுரியின் வாயில் வைத்தாள். அவன் குடித்தான், தண்ணீர் குறைந்தது, பாதியாயிற்று, அடி தெரிந்தது. இன்னொரு டம்ளர் கேட்டான், அதையும் குடித்தான். வாயைத் துடைத்துவிட்டாள். அவன் அப்பாடா என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். பத்தரை மணிவாக்கில் அவன் மூச்சு இழுக்க ஆரம்பித்தது, பதினொன்றுக்கு இழுப்பு நின்றது. முதுகில் கைவைத்து உட்கார்ந்திருந்த மருதாயி கையை எடுக்கவில்லை.

வாசலில் ஒரு பெண் செருப்பைக் கழற்றினாள். வெளியூர்க்காரி, கையில் கல்யாணச் சாமான் பட்டியல், இந்த வீதியின் மரியாதை எதுவும் தெரியாதவள். ராவுத்தர் எழுந்து வரவில்லை. வந்தவள் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, சுவரோரம் கிடந்த பாயிடம் வந்து குனிந்து, தூங்குகிறவரை எழுப்பிவிடக் கூடாதென்று குரலைத் தாழ்த்தி, இந்த மாதிரி சிவப்புக் கரைதான் தேடுகிறேன், நீங்கள் எவ்வளவுக்கு முடித்தீர்கள் என்று மருதாயியிடம் கேட்டாள்.

"ஐந்நூறு."

"ஐயையோ" என்றாள் அந்தப் பெண், உண்மையான வருத்தத்தோடு. "பைபாஸ் கடையில இதே பாய் இருநூத்தி எண்பதுதானேம்மா. பேரம் பேசிப் பார்க்கலையா நீங்க? நல்லா ஏமாத்திட்டாங்களே உங்களை."

மருதாயி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

"ஆமாம்மா" என்றாள். "பேசத்தான் பேசினேன். படியல."

பாய்க்கு வெளியே தரையில் கிடந்த அவன் கையை எடுத்துப் பாயின் மேல் வைத்தாள்.